சிஸ்டத்துல அப்படித்தான் வருது

(தலித் மாணவர், இளைஞர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

காலையிலிருந்து பஞ்சமி நிலம் பேசினோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பேசினோம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒருத்தன் எழுந்து கம்ப்யூட்டர் பற்றிப் பேசப் போறான்னா பாதிப் பேருக்குக் கண் சொருகும். சொருகட்டும். அதற்கு முன்னால் என் கையில் இருக்கிற இந்தத் தாளை மட்டும் பார்த்துவிடுங்கள். எங்கள் பேரூராட்சி எனக்குக் கொடுத்த சொத்து வரி ரசீது. 2007-ஆம் வருஷத்தது. பேர், கதவு எண், அரையாண்டு, தொகை எல்லாம் சரியாக இருக்கிறது. தெரு என்கிற இடத்தில் 'அரிசன காலனி' என்று அடித்திருக்கிறது.

எங்கள் தெருவுக்கு அந்தப் பேர் கிடையாது. 1991-இல் அம்பேத்கர் நூற்றாண்டு நடந்தபோது எங்கப்பாவும் சித்தப்பாமாரும் தெருமுனையில் கல் நட்டு அம்பேத்கர் நகர் என்று பேர் வைத்தார்கள். கல் நட்ட அன்றைக்கு ராத்திரியே அதைச் சாய்த்தார்கள். மறுநாள் மறுபடி நட்டோம். அந்தக் கதை வேறு. தபால்காரர் அம்பேத்கர் நகர் என்றால் எங்கள் தெருவுக்குத்தான் வருவார். ரேஷன் கார்டில் அந்தப் பேர்தான். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழில் அந்தப் பேர்தான். வரி ரசீதில் மட்டும், நாங்கள் காசு கட்டி வாங்குகிற தாளில் மட்டும், காந்தி வைத்த பேரும் ஊர்க்காரன் வைத்த பேரும் ஒட்டிக்கொண்டிருந்தது.

2006 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தத் தேர்தல் உங்களில் மூத்தவர்களுக்கு வேறு காரணத்துக்காக ஞாபகம் இருக்கும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் பத்து வருஷமாக ஒரு தலித்தைத் தலைவர் நாற்காலியில் உட்காரவிடாமல் வைத்திருந்தார்கள். அந்தத் தேர்தலில்தான் உட்கார்ந்தார்கள். மேலவளவில் முருகேசனையும் கூட இருந்த ஐந்து பேரையும் வெட்டிச் சாய்த்தது 1997 ஜூன் 30. அந்த ரத்தத்தின் மேல் கால் வைத்துத்தான் என்னைப்போல ஆட்கள் மன்றத்துக்குள் போனோம். நான் தலைவரெல்லாம் இல்லை, தனி வார்டு ஒன்றின் மெம்பர், அவ்வளவுதான்.

முதல் காரியமாகத் தெருப் பேரை மாற்றும் தீர்மானம் கொண்டுவந்தேன். ஒரு எதிர்ப்பும் இல்லை. மேசையைத் தட்டி நிறைவேற்றிவிட்டார்கள். ஏன் இவ்வளவு சுலபமாக விட்டார்கள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அடுத்த அரையாண்டுக்கு வரி கட்டினேன். வந்தது இந்த ரசீது.

பில் கலெக்டரைக் கேட்டேன். "நான் என்னாண்ணே பண்றது, சிஸ்டத்துல அப்படித்தான் வருது" என்றார். ஈ.ஓ.விடம் போனேன். அவரும் அதே வாக்கியம். முன்னேயெல்லாம் ஒரு கிளார்க் வேண்டுமென்றே எழுதினான் என்றால் அவன் கையைப் பிடித்துக் கேட்கலாம். இப்போது எழுதியது யார்? யாருமில்லை. சிஸ்டம். சாதியைக் கேட்டாலும் "நாங்க என்னா பண்றது, காலம் காலமா அப்படித்தான் வருது" என்றுதானே சொல்றான்? இரண்டு பதிலும் எனக்கு ஒரே மாதிரி கேட்டது.

அந்த மென்பொருளைச் செய்து கொடுத்தவர் மாவட்டத் தலைநகரில் இருந்தார். கூப்பிட்டு அனுப்பினோம். மூன்று மாசம் கழித்து வந்தார். "தெருப் பட்டியலை உள்ளேயே கட்டி வச்சிருக்கு சார். தொட்டா பழைய பாக்கிக் கணக்கெல்லாம் கலைஞ்சிடும். புது வெர்ஷன்தான் போடணும்" என்று பதினெட்டாயிரம் ரூபாய் சொன்னார். ஒரு தெருவின் பேரை மாற்ற. சரி, அந்தக் கட்டை நாங்களே அவிழ்த்துப் பார்க்கிறோம், நிரலைக் கொடுங்கள் என்றோம். அது அவர் சொத்தாம். சரி, எங்கள் வரிக்கணக்கையாவது ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுங்கள் என்றோம். கொடுத்தார். அவர் மென்பொருள் இல்லாமல் அந்த சி.டி.யை எதிலும் திறக்க முடியவில்லை.

எனக்கு அன்றைக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. ஊர் முழுக்க எத்தனை வீடு, யார் வீடு, எவ்வளவு பாக்கி என்கிற கணக்கு மொத்தமும் எங்கோ இருக்கிற ஒரு ஆளின் பூட்டுக்குள் இருக்கிறது. பூட்டுக்குக் காசு கொடுத்தது நாம். சாவி அவரிடம். மன்றம் போட்ட தீர்மானம் மினிட் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. எதிர்ப்பில்லாமல் நிறைவேறிய காரணமும் அப்போது புரிந்தது. அந்தத் தீர்மானம் எங்கேயும் போகாது என்று அவர்களுக்குத் தெரியும்.

மகாடு குளத்தைப் பற்றி இந்த முகாமில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு விஷயத்தை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அம்பேத்கர் 1927 மார்ச் 20-இல் தண்ணீர் அள்ளியது தடை செய்யப்பட்ட குளத்தில் அல்ல. பொதுக் குளங்கள் தீண்டப்படாதாருக்கும் திறக்கப்பட வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923-இல் போலே கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்றது. அதையொட்டி மகாடு நகராட்சியே 1924-இல் தீர்மானம் போட்டுவிட்டது. காகிதத்தில் குளம் திறந்தே இருந்தது, மூன்று வருஷம். யாரும் தண்ணீர் எடுக்க முடியவில்லை. பாபாசாகேப் போய் அள்ளிக் குடித்த பிறகு, அந்த நகராட்சி அதே 1927 ஆகஸ்டில் தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. வழக்கு முடிய 1937 ஆனது. தீர்மானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் என்னவெல்லாம் நிற்கிறது என்று பார்க்க அந்தக் கதையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் ஊரில் நடுவில் நின்றது ஒரு மென்பொருள்.

எங்கள் தெருவில் ஒரு பையன் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். அவன்தான் ஒரு ராத்திரி என்னிடம் லினக்ஸ் பற்றிச் சொன்னான். பிறகு ரிச்சர்ட் ஸ்டால்மன் கதையைச் சொன்னான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வேலை பார்த்தவர். 1980 வாக்கில் அவர்களுக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் புது லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. தாள் அடிக்கடி சிக்கும். பழைய பிரிண்டரில் தாள் சிக்கினால் எல்லோர் திரைக்கும் தகவல் போகிற மாதிரி ஸ்டால்மன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதில் திருத்த நிரல் கொடுக்கப்படவில்லை. அது இருக்கிற ஒருத்தரைத் தேடிப் போய்க் கேட்டார். யாருக்கும் தரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று மறுத்துவிட்டார் அவர். அந்தக் கோபத்திலிருந்து 1983-இல் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற மாணவர் எழுதிய கருநிரல் அதோடு சேர்ந்தது. இன்றைக்கு உங்கள் பையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும் அந்த லினக்ஸ்தான். கதை கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் பிரிண்டரில்தான் ஆரம்பித்திருக்கிறது, நமக்கும் பிரிண்டரில்தான்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஃப்ரீ என்று ஒரே சொல். காசில்லாததும் அதுதான், விடுதலையானதும் அதுதான். அவர்கள் அந்தக் குழப்பத்தை நாற்பது வருஷமாக விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. இலவசம் வேறு, விடுதலை வேறு. ஆனால் நாம்தான் போய் 'இலவச மென்பொருள்' என்று எழுதி, இல்லாத குழப்பத்தை இறக்குமதி செய்தோம். 'கட்டற்ற மென்பொருள்' என்று ஒரு சொல் வழக்கில் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கும். கட்டு என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். ஊர்க்கட்டு போட்டால் கடையில் சாமான் தரமாட்டான், டீக்கடையில் டீ தரமாட்டான், வயலில் வேலை தரமாட்டான். படியாளாக இருந்த பாட்டனுக்குப் பேரன்கள் நாம். அந்தக் கட்டு இல்லாதது என்றால் நம் சனங்களுக்கு விளக்கவுரை வேண்டாம்.

எதற்கு வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம். திறந்து பார்த்துத் திருத்தலாம். அடுத்தவருக்குப் பிரதி கொடுக்கலாம். திருத்தியதையும் கொடுக்கலாம். இந்த நாலு உரிமையும் இருந்தால் அது கட்டற்றது. நாங்கள் தெருப் பேர் மாற்ற ஒரு வழி எழுதினால் பக்கத்துப் பேரூராட்சி அதை எடுத்துக்கொள்ளலாம். அங்கேயும் ஒரு அரிசன காலனி இருக்குமில்லியா?

இதையெல்லாம் அப்படியே மன்றத்தில் போய்ப் பேசினேன். அரை மணி நேரம். நாலு உரிமை, ஸ்டால்மன், ஏகாதிபத்தியம், பன்னாட்டுக் கம்பெனி, எல்லாம். தோழர்களே, அதைவிட மோசமான ஒரு பேச்சை நான் என் வாழ்நாளில் பேசியதில்லை. ஒரு மெம்பர் தூங்கினார். துணைத்தலைவர் கடைசியில் கேட்டார்: "சும்மா குடுக்கறான்னா அதுல ஏதோ கோளாறு இருக்குமில்ல?" ரேஷன் அரிசியைச் சாப்பிட்டு வளர்ந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வி அது. இன்னொருத்தர், "கம்ப்யூட்டர் வேணாம்னு சொல்ல வந்துட்டியா?" என்றார். நான் கோபத்தில், இந்த ஆபீஸில் ஆறு கம்ப்யூட்டரில் இரண்டுக்குத்தான் விண்டோஸ் உரிமம் இருக்கிறது, மீதி நாலும் திருட்டுக் காப்பி என்று போட்டு உடைத்தேன். கூட்டம் அமைதியானது. ஈ.ஓ. என்னை எதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார். நான் சொன்னது உண்மை. ஆனால் உண்மையைச் சொல்லி ஒரு கிளார்க்கைக்கூட என் பக்கம் கொண்டுவர முடியவில்லை.

அப்புறம் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது காதில் விழுந்தது: "காலனிப் பையன் கையில ஊர் வரிக்கணக்கைக் குடுக்கச் சொல்றானாம்." உள்ளே பேசிய ஆட்சேபணை எல்லாம் மேல்பூச்சு. அடியில் இருந்தது இதுதான். மாவட்டத் தலைநகரில் இருக்கிற முகம் தெரியாத ஆள் கணக்கைப் பூட்டி வைத்திருக்கலாம், எங்கள் பையன் திறக்கக் கூடாது.

நம் தெருவும் ஒத்துழைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் வீட்டிலேயே கேட்டாள்: "ரசீதுல பேரு மாறினா குழாயில தண்ணி வந்துடுமா?" தெருப் பெண்கள் எல்லோருக்கும் அதே கேள்விதான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆறு மாசம் சும்மா இருந்தேன். பிறகு வேறு மாதிரி ஆரம்பித்தோம். தபால் பிரிவில் இருந்த கிளார்க் சாதி இந்து. என்னைவிட வயசில் பெரியவர். அவரிடம் போய் லினக்ஸ் என்கிற வார்த்தையையே சொல்லவில்லை. "உங்களுக்கு இதில் என்னா தொல்லைண்ணே?" என்று கேட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டார். முந்தின மன்றத்தின் தீர்மானங்களை ஏதோ ஒரு விலைகொடுத்து வாங்கிய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இருந்த கம்ப்யூட்டர் பழுதானதோடு எல்லாம் போச்சு. கோப்பைத் திறந்தால் தமிழ் இல்லை. அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் ஆங்கில எழுத்துமாக நாறிக் கிடக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து பழைய தீர்மானம் கேட்டால் மறுபடி உட்கார்ந்து டைப் அடிக்கிறார். ஒருங்குறியைத் தமிழக அரசு தரமாக அறிவித்தது 2010-இல்தான். அதற்கு முன்னால் ஒவ்வொரு ஆபீஸும் ஒரு கம்பெனியின் எழுத்துருவில் தனித்தனித் தீவு.

எங்கள் பையன் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுத்தான். மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸும் ஓப்பன் ஆபீசும் போட்டு ஓடவைத்தான். விலைப்புள்ளி கேட்டுப் புது மெஷின் வாங்க வேண்டும் என்று எழுதியிருந்த மெஷின் அது. கிளார்க் அதில் கடிதம் அடித்தார். பத்து நாள் திட்டினார். பதினோராம் நாள் வைரஸ் வந்து மற்ற மெஷின்கள் படுத்தபோது அவருடையது மட்டும் ஓடியது. அதற்கு அப்புறம் மன்றத்தில் பேச நான் தேவைப்படவில்லை. அவர் ஈ.ஓ.விடம் பேசினார்.

2009-இல் வரி மென்பொருளின் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து புதிதாக டெண்டர் விட வேண்டியிருந்தது. அங்கேதான் நுழைந்தோம். கட்டற்ற மென்பொருளுக்கு மாறுவோம் என்று பெரிய தீர்மானம் எதுவும் கேட்கவில்லை. டெண்டர் நிபந்தனையில் மூன்று வரி சேர்க்கச் சொன்னோம். ஒன்று, வரிக்கணக்கு பேரூராட்சியின் சொத்து. ஒவ்வொரு அரையாண்டும் எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவத்தில் ஒப்படைக்க வேண்டும். இரண்டு, மூலநிரலின் பிரதி ஆபீஸ் பீரோவில் இருக்க வேண்டும். பேரூராட்சி அதைத் திருத்தவும் அடுத்தவருக்குக் கொடுக்கவும் உரிமை உண்டு. மூன்று, தெரு, வார்டு பட்டியலை ஆபீஸே மாற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும். மூன்றாவதை யாரும் எதிர்க்கவில்லை. முதலாவதை ஈ.ஓ.வே ஆதரித்தார், தணிக்கையில் அடி வாங்கியவர் அவர்தானே. இரண்டாவதற்குத்தான் சண்டை. "சும்மா வர்ற பொருளுக்கு யாருய்யா கமிஷன் குடுப்பான்?" என்று ஒரு மெம்பர் வாய்விட்டே கேட்டார். மன்றமே சிரித்தது. சிரித்த சிரிப்பிலேயே அது நிறைவேறியது. உள்ளாட்சியில் சில காரியம் அப்படித்தான் நடக்கும்.

2010 ஏப்ரலில் அந்த கிளார்க்கும் எங்கள் பையனும் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் தெருப் பேரை மாற்றினார்கள். அந்த ரசீதும் கொண்டுவந்திருக்கிறேன்.

ஆனால் என் வீட்டில் கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது அந்த ரசீதால் அல்ல, முதல் நிபந்தனையால். அரையாண்டுக் கணக்கு கைக்கு வந்ததும் நம் கல்லூரிப் பிள்ளைகள் அதைத் தெருவாரியாகப் பிரித்துக் கூட்டிப் பார்த்தார்கள். எங்கள் தெருவில் 112 வீடு குடிநீர்க் கட்டணம் கட்டுகிறது; இரண்டே பொதுக்குழாய். கோயில் தெருவில் 40 வீடு. வீட்டுக்கு வீடு இணைப்பு, பாக்கியும் அவர்களிடம்தான் அதிகம். காலனிக்காரன் வரி கட்டமாட்டான் என்று எத்தனை வருஷம் காதுகுளிரப் பேசியிருப்பான்! அவன் ஆபீஸ் கணக்கே மாற்றிச் சொன்னது. அந்தப் பட்டியலைப் பெண்கள்தான் எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள். ஒரு வருஷம் இழுத்து ஆறு குழாய் வந்தது. அதற்கப்புறம் எங்கள் தெருவில் மூலநிரல் என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

இது சின்ன ஊர்க் கதை. பெரிய இடங்களில் என்ன ஆனது என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியில் முனிச் நகரமன்றம் 2003-இல் தன் சுமார் 14,000 கணினிகளை லினக்சுக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தது. மைக்ரோசாப்ட் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையை விட்டுவிட்டு மேயர் கிறிஸ்டியான் ஊடேவை நேரில் பார்க்கப் போனார். விலையைக் குறைத்தார்கள். ஒரு முனிசிபாலிட்டியைப் பார்த்து எதற்கு இத்தனை பயம்? மன்றம் அசையவில்லை. பத்து வருஷம் உழைத்து 2013 கடைசியில் மாற்றி முடித்தார்கள். அடுத்த வருஷம் மேயர் மாறினார். 2017-இல் அதே மன்றம் விண்டோசுக்குத் திரும்புவது என்று ஓட்டுப் போட்டது. 2020-இல் புதுக் கூட்டணி வந்து, பொதுப் பணத்தில் எழுதுகிற நிரல் முடிந்தவரை பொதுவில் இருக்க வேண்டும் என்று மறுபடி எழுதியது. மகாடு நகராட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். மன்றம் போட்டதை மன்றமே அழிக்கும்.

பக்கத்தில் கேரளாவில் பள்ளிக்கூடங்களில் அது அழியவில்லை. 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் ஆரம்பத்தில் மைக்ரோசாப்ட் பாடம்தான். ஆசிரியர் சங்கமும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். பிறகு லினக்சுக்கு மாறி, பத்தாம் வகுப்புத் தேர்வே அதில் நடக்கிற அளவுக்கு வந்தது. அங்கே வாத்தியார்கள் கையில் அது இருந்தது. அமைச்சர் மாறினாலும் வாத்தியார் மாறவில்லை.

தமிழ்நாட்டில் நாம் மறக்கக் கூடாத பேர் உமாசங்கர். தலித் ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1990-களின் நடுவில் மதுரையில் சுடுகாட்டுக் கொட்டகை ஊழலை வெளியே கொண்டுவந்தவர். திருவாரூர் கலெக்டராக இருந்து தாலுகா ஆபீஸ்களைக் கணினிமயமாக்கியவர். எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக 2006-க்குப் பிறகு வந்து, அந்த ஆபீஸையே சூசே லினக்சுக்கு மாற்றி, அரசு வாங்குகிற கணினிகளிலும் அதைக் கொண்டுபோகப் பார்த்தார். 2010-இல் அவரைச் சாதிச் சான்றிதழ் சரியில்லை என்று குற்றம் சாட்டி இடைநீக்கம் செய்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிப் பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர் எல்காட்டை விட்டுப் போன பிறகு அந்த வேகம் இருக்கவில்லை. அதிகாரி ஒருத்தர் தோளில் மட்டும் ஏற்றி வைத்த காரியம் அவரை இடமாற்றியதும் இறங்கிவிடும் என்பது என் கணிப்பு. மேலே உமாசங்கர் இருந்தபோது கீழே நாம், சங்கமாக, கிளார்க்காக, மெம்பராக அதைப் பிடித்திருக்க வேண்டும். நமக்கு அப்போது அது நம் விஷயமாகவே படவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கட்டற்ற மென்பொருள்காரர்கள் எல்லோரும் நம் ஆட்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். ஆங்கிலம் தெரிந்த, பெரிய காலேஜில் படித்த பையன்கள். அறிவு எல்லோருக்கும் பொது என்று ரொம்ப அழகாகப் பேசுவார்கள். அறிவு யாருக்கு எத்தனை நூற்றாண்டு மறுக்கப்பட்டது என்று கேட்டால் அது தலைப்புக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. பெங்களூரில் ஒரு சேரியில் அம்பேத்கர் பேரில் கணினி மையம் நடத்தி, அங்குள்ள பிள்ளைகளுக்கு இந்த மென்பொருள்களைச் சொல்லிக்கொடுத்த தோழர்களும் அதே இயக்கத்தில்தான் இருக்கிறார்கள். இரண்டையும் பார்த்திருக்கிறேன். நிரல் திறந்திருந்தாலும் அதில் 'அரிசன காலனி' என்று எழுதியிருந்தால் அரிசன காலனிதான். திறக்கிற இடத்தில் நம் பிள்ளை உட்கார்ந்திருக்கணும்.

எல்லாவற்றுக்கும் இது மருந்து என்றும் நினைத்துவிடாதீர்கள். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் வந்ததே, அந்தப் படத்தில் நாற்காலியும் தரையும் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது ஒன்றிய நிதியில் ஊராட்சி பணம் கொடுப்பது இணையத்தில், டிஜிட்டல் கையொப்பச் சாவியை வைத்து. அந்தச் சாவியும் பாஸ்வேர்டும் தலைவர் கையில் இருக்கா, வேறு யார் பீரோவில் இருக்கா என்பதைப் படம் எடுக்க முடியாது. எந்த மென்பொருளைப் போட்டாலும் அந்தச் சாவியைப் போய்க் கேட்டு வாங்க ஆள் வேண்டும்.

இனி என் கதையின் மீதி. 2011-இல் என் பதவிக்காலம் முடிந்தது. அந்த கிளார்க் ஓய்வு பெற்றார். சில வருஷம் கழித்து மேலிருந்து புது மென்பொருள் வந்தது. எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி என்றார்கள். நல்லதுதான், வீட்டிலிருந்தே வரி கட்டலாம். ஆனால் தெருப் பட்டியலை எங்கிருந்து ஏற்றினார்களோ, எங்கள் தெரு மறுபடி 'அரிசன காலனி' ஆகிவிட்டது. போய்க் கேட்டேன். உங்களுக்கே தெரியும் என்ன பதில் வந்திருக்கும் என்று. இந்தத் தடவை மாவட்டத் தலைநகருக்குக்கூடப் போக முடியாது, எல்லாம் சென்னையில்.

2025 ஏப்ரல் 29-இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் மகாடு படித்தவன், தீர்மானத்தைக் கேட்டதும் குளத்தைத்தான் பார்க்கிறேன். ஆவணம் என்பது இன்றைக்கு எங்கே இருக்கிறது? எத்தனை மென்பொருளில், எத்தனை பட்டியலில் அந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது? அதை எடுக்கிற உரிமை எந்த ஊர் ஆபீசுக்கு இருக்கிறது? ஒன்றிய அரசு 2015-இல் திறமூல மென்பொருள் கொள்கை ஒன்றை வெளியிட்டது. திறமூலத்தை முதலில் பரிசீலிக்க வேண்டும், வேண்டாம் என்றால் காரணம் எழுத வேண்டும் என்கிறது. மாநிலத்தை அது கட்டாயப்படுத்தாது. ஆனால் மனுவில் மேற்கோள் காட்டலாம், காட்டுங்கள். உங்கள் ஊர் ஆபீசுக்குப் போய் முதலில் மூலநிரலைக் கேட்காதீர்கள், தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவை நீட்டி, வணிக ரகசியம் என்று திருப்பி அனுப்புவான். ஒப்பந்த நகலைக் கேளுங்கள். கணக்கு யார் சொத்து என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். எப்போது முடிகிறது என்று பாருங்கள். முடிகிற தேதிக்கு ஆறு மாசம் முன்னால் போய் நில்லுங்கள். போகும்போது கிளார்க்குக்கு என்ன தொல்லை என்று கேட்க மறக்காதீர்கள்.

எங்கள் பையன் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான். அவனும் தெருப் பெண்கள் சிலரும் சேர்ந்து புது மனு ஒன்று எழுதியிருக்கிறார்கள். அதோடு மூன்று ரசீதையும் இணைக்க வேண்டும்: 2007-இல் வந்தது, 2010-இல் மாற்றியது, இப்போது வருவது. மூன்றையும் உங்கள் பார்வைக்குச் சுற்றுக்கு விடுகிறேன். நடுவில் இருக்கிற 2010 ரசீது, அம்பேத்கர் நகர் என்று அடித்தது, தெருவில் தேடிப் பார்த்து இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. மடிக்காமல் பார்த்துவிட்டுக் கடைசி வரிசையில் இருக்கிற தோழரிடம் கொடுத்துவிடுங்கள். சாயங்காலம் பஸ்ஸுக்கு முன்னால் நான் வாங்கிக்கொள்கிறேன்.